பிணி, மூப்பு, சாக்காடு: பழ ஈ ஆய்வுகளும் ஒட்சிசன் கோட்பாடும் பற்றிய ஒரு விமர்சனம்

விமர்சனம் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் இலக்கியத்தோடு மட்டுமே சேர்த்து வழங்கி வருகின்றோம். ஒரு நாவலையோ கவிதைத் தொகுதியையோ எடுத்துக்கொண்டு, அதன் உள்ளடக்கம் யாது, உருவம் யாது, அது கூறுவது எத்துணை உண்மையானது என ஆராய்வதே விமர்சகனின் தொழில் எனக் கருதப்படுகின்றது. விஞ்ஞானக் கட்டுரையொன்றை அவ்வாறு வாசித்தல் வேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. விஞ்ஞானம் கூறிவிட்டதெனின் அது முடிந்த முடிபு என்னும் மனப்பாங்கு கலைப்பீட மாணவரிடத்து மாத்திரமன்றி விஞ்ஞானபீட மாணவரிடத்தும் காணப்படுகின்றது. ஆனால் விஞ்ஞானக் கட்டுரையும் ஒரு பனுவலே. அதற்கும் ஒரு வாதம் உண்டு. அவ்வாதத்தைத் தாங்கி நிற்கும் உவமைகள் உண்டு. அது சொல்லாது விட்டவையும் உண்டு.

இங்கு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது 1994ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வில்லியம் ஓர், ராஜிந்தர் சோஹால் ஆகிய இருவரும் வெளியிட்ட மூன்று பக்கக் கட்டுரையாகும். டலஸ் நகரிலுள்ள சதேண் மெதடிஸ்ற் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற அவ்வாய்வு, ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் இரு நொதியங்களைப் பழ ஈயின் உடலில் ஒருங்கே மிகுதிப்படுத்தினால் அதன் ஆயுள் மூன்றிலொரு பங்கு வரை நீளும் எனக் கூறிற்று. அக்கூற்று வெகு விரைவிற் பரவிற்று. அதே ஆய்வாளர் ஒன்பது ஆண்டுகளின் பின் தமது கூற்றுக்குத் தாமே விதித்த எல்லை அதேயளவு பரவவில்லை. இந்த ஏற்றத்தாழ்வே இதனை எழுதத் தூண்டிற்று.

கட்டுரையை விளங்கிக்கொள்ள அதன் பின்னணியிலுள்ள கோட்பாட்டை விளங்கிக்கொள்ளல் அவசியம். உயிரிகள் எவ்வளவு வேகமாக வாழ்கின்றனவோ அவ்வளவு விரைவில் மடிகின்றன என்னும் கருத்து பழையது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றேமண்ட் பேர்ள் பழ ஈக்களின் இறப்பு அட்டவணைகளையும், இருளில் முளைக்கவைத்த வெள்ளரியினத்து நாற்றுக்களின் வாழ்நாளையும் கொண்டு இக்கருத்தை வளர்த்து, 1928இல் 'வாழ்வின் வேகம்' எனப் பொருள்படும் தலைப்பில் நூலொன்றை எழுதினார். வேகம் ஏன் கொல்ல வேண்டும் என்பதற்கு அவரிடம் இரசாயன விளக்கம் இருக்கவில்லை. அவ்விளக்கத்துக்கான முதற் படியை வைத்தவர் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த றெபேக்கா கேர்ஷ்மன். தூய ஒட்சிசனைச் சுவாசித்த விலங்குக்கு ஏற்படும் நஞ்சூட்டமும் எக்ஸ் கதிர் பட்ட விலங்குக்கு ஏற்படும் சேதமும் ஒரே பொறிமுறையால் விளைவன என 1954இல் அவரும் அவருடைய சகாக்களும் எழுதினர். இரண்டிலும் உண்டாவன சுயாதீன மூலிகங்கள்; அதாவது இணையற்ற இலத்திரனொன்றைச் சுமந்துகொண்டு, கிடைத்த மூலக்கூற்றோடெல்லாம் தாக்கம் புரிய விழையும் துணுக்குகள். இரண்டாண்டுகளின் பின், முன்னர் எண்ணெய்க் கம்பனியொன்றில் இரசாயனவியலாளராகக் கடமையாற்றிப் பின்னர் மருத்துவம் கற்ற டென்ஹாம் ஹார்மன், மூப்பு என்பதே இம்மூலிகங்கள் நாள்தோறும் விளைக்கும் சிறுசிறு சேதங்களின் திரட்சி என்றார். 1972இல் அவர் மூலிகங்களின் பிரதான உற்பத்தித்தானமாக இழைமணியைச் சுட்டினார். கேர்ஷ்மனின் பெயர் இன்று அருகியே நினைக்கப்படுகின்றது. கோட்பாடுகளின் வரலாற்றை ஒருவர் பெயரால் எழுதுவது இலக்கிய வரலாற்றுக்கு மட்டும் உரிய குறையன்று.

ஹார்மனின் கோட்பாடு முதற் பதினைந்து ஆண்டுகள் வரை உயிரியலாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்க்கவில்லை. நிலைமையை மாற்றியது 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் மக்கோட், பிரிடோவிச் ஆகியோர் செய்த கண்டுபிடிப்பாகும். செப்பைக் கொண்ட ஒரு புரதம் மாட்டுக் குருதியிலிருந்து 1938ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. அதன் தொழில் யாதென எவருக்கும் தெரியாதிருந்தது. அது சுப்பரொட்சைட்டு என்னும் மூலிகத்தை ஐதரசன் பரவொட்சைட்டாகவும் ஒட்சிசனாகவும் மாற்றும் நொதியம் என அவ்விருவரும் காட்டினர். சுப்பரொட்சைட்டு டிசுமியூற்றேசு என்பது அதன் பெயர். எஞ்சும் பரவொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் கற்றலேசு என்னும் நொதியம் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆகவே கலத்தினுள்ளே ஒரு காவலமைப்பு இருப்பது உறுதியாயிற்று. ஒருவன் கள்வனைப் பிடித்துக் கையளிக்க மற்றவன் அவனை அகற்றுகின்றான்.

இங்கேதான் விமர்சகன் தன் முதலாவது கேள்வியை எழுப்புதல் வேண்டும். வாயிலிற் காவற்காரன் நிற்பது ஊரிற் கள்வர் உளர் என்பதற்குச் சான்றாகலாம். ஆனால் வீட்டுக்காரன் நரைதிரை எய்துவது கள்வராலேயே என்பது அதிலிருந்து பெறப்படுமா? நொதியத்தின் இருப்பு, மூலிகம் அபாயமானது என்பதை நிறுவுகின்றது. மூப்புக்கு அதுவே காரணம் என்பதை அது நிறுவவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான பாய்ச்சலை ஏறத்தாழ ஒரு தலைமுறை ஆய்வாளர் கவனியாது கடந்தனர் என்றே கூறத் தோன்றுகின்றது. கடத்தற்கு உதவியது ஓர் உவமை: இரும்பு துருப்பிடித்தல். ஒட்சிசன் இரும்பைத் தின்பதுபோல் உடலையும் தின்கின்றது என்னும் படிமம் எவர் மனத்திலும் எளிதிற் பதிவது. ஆனால் இரும்பு தன்னைத் தானே செப்பனிடுவதில்லை, கலமோ செப்பனிட்டுக்கொண்டேயிருக்கின்றது. உவமேயத்தின் மிக முக்கியமான பண்பை விட்டுவிட்ட உவமையை நாம் கவிதையில் அனுமதிப்பதில்லை.

இனிப் பரிசோதனைகளுக்கு வருவோம். பழ ஈ இவ்வாய்வுக்குத் தெரிவு செய்யப்பட்டமை தற்செயலன்று. கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் இச்சிறு பூச்சி 25 பாகை செல்சியசில் முட்டையிலிருந்து நிறையுடலியாக ஏறக்குறையப் பத்து நாட்களே எடுக்கின்றது. நிறையுடலியாக இரண்டு மூன்று மாதங்கள் வாழ்கின்றது. 1910ஆம் ஆண்டு மோர்கன் வெண்கண் ஈயைக் கண்ட நாள் தொட்டு அதன் பிறப்புரிமையியல் பிற விலங்குகளினதிலும் நுணுக்கமாக அறியப்பட்டு வந்துள்ளது. ஆயிரக்கணக்கான ஈக்களைச் சிறு குழாய்களில் வளர்த்து, இறந்தவற்றை எண்ணிப் பிழைப்பு வளையி வரைவது மாணவர்க்கும் இயலும் காரியம்.

முதலில் வந்தவை நொதியத்தை அகற்றிப் பார்த்த ஆய்வுகள். 1989இல் கனடாவின் குவெல்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் செப்பும் நாகமும் கொண்ட டிசுமியூற்றேசு முற்றாக இல்லாத விகாரி ஈக்களை ஆராய்ந்தனர். அவை குறுகிய காலமே வாழ்ந்தன, ஆண்கள் மலடாயிருந்தன. இழைமணியினுள் இருக்கும் மங்கனீசு டிசுமியூற்றேசை இழந்த ஈக்கள் கூட்டிலிருந்து வெளிவந்து ஏறக்குறைய ஒரு நாளுக்குள் மடிந்தன என 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இவை கோட்பாட்டுக்குப் பெருஞ் சான்றுகளாக எடுத்தாளப்பட்டன.

அவை அவ்வளவு பெரிய சான்றுகளா என்பது ஐயத்துக்குரியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு இது விளங்கும். கிணறு வற்றினால் வெங்காயம் வாடும்; எனவே நீரை இரட்டிப்பாக இறைத்தால் விளைவும் இரட்டிக்கும் என அவன் கொள்வதில்லை; இரட்டிப்பாக இறைத்தால் வெங்காயம் அழுகும் என்பதே அவன் அனுபவம். ஓர் உறுப்பையோ புரதத்தையோ அகற்றி ஆயுளைக் குறைப்பது எளிது. இதயத்தை அகற்றினால் விலங்கு இறக்கும். அதனால் இதயமின்மையே மூப்பின் காரணம் என எவரும் கூறார். ஆயுளைக் குறைக்கும் ஆயிரம் வழிகளுள் மூப்பை விரைவுபடுத்துபவை எவை என்பதைத் தனியே நிறுவ வேண்டும்.

இவ்விடத்திற் சொல் பற்றிய ஒரு குறிப்பு. இத்துறையின் தலையாய தொடரைத் தமிழில் ஒட்சியேற்றத் தகைப்பு எனவும் ஒட்சியேற்ற நெருக்கீடு எனவும் பெயர்க்கலாம். தகைப்பு என்றால் பௌதிகவியல் மாணவன் நினைவுக்கு வருவது கம்பியின் இழுவிசை. நெருக்கீடு என்றால் உளவியல். மூலச்சொல்லில் இவ்விரண்டும் மயங்கிக் கிடப்பதாலேயே அச்சொல் எதனையும் விளக்குவதுபோற் தோற்றமளிக்கின்றது. தமிழில் எழுதப் புகுவோன் தெரிவு செய்தாக வேண்டியிருப்பதால் அம்மயக்கம் வெளிப்பட்டுவிடுகின்றது. கலைச்சொல்லாக்கம் வெறும் சொல்மாற்று வேலை என நினைப்போர்க்கு இது கூறப்படுகின்றது. நான் நெருக்கீடு என்பதையே கையாளுகின்றேன்.

நமது மரபு வேறொரு வகையிலும் இங்கு உதவுகின்றது. பிணி, மூப்பு, சாக்காடு என மூன்றையும் வேறுவேறாக எண்ணும் வழக்கம் தமிழில் நெடுங்காலமாக உண்டு. பழ ஈ ஆய்வுகளை வாசிக்கும்போது இம்மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிவிடுவதைக் காணலாம். ஈக்குப் பரகுவாற்று என்னும் களைகொல்லியைக் கொடுத்து எத்தனை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கின்றது எனப் பார்ப்பது இத்துறையின் வழமையான சோதனை. பரகுவாற்று கலத்தினுள் சுப்பரொட்சைட்டைப் பெருக்குவது. நமது வயல்களிற் பாவிக்கப்பட்டு, கிராமங்களில் எத்தனையோ உயிர்களைப் பலிகொண்டு, 2008க்கும் 2011க்கும் இடையிற் படிப்படியாக இலங்கையில் தடைசெய்யப்பட்ட அதே நஞ்சுதான். நஞ்சைத் தாங்கும் ஈ பிணியை வென்ற ஈ. அது மூப்பையும் வென்றது என்பதற்கு வேறு சான்று வேண்டும். பிழைப்பு வளையி காட்டுவதோ சாக்காட்டை மட்டுமே. கோட்பாடு உரிமை கோருவது மூப்பை. ஒன்றை அளந்து மற்றொன்றைப் பற்றிப் பேசுவது இத்துறையின் நீண்டகால வழு.

இது வெறும் சொற்சிலம்பம் அன்று என்பதற்கு 2003இல் சோஹாலின் குழுவினரே செய்த ஆய்வொன்று சாட்சி. கற்றலேசு சாதாரணமாகச் செயற்படாத இடமான இழைமணிக்குள்ளேயே அந்நொதியத்தைச் செலுத்திய ஈக்களை அவர்கள் உருவாக்கினர். அவ்வீக்கள் பரவொட்சைட்டு முதலிய நெருக்கீடுகளை ஏனைய ஈக்களிலும் நன்றாகத் தாங்கின. ஆனால் அவற்றின் ஆயுள் நீளவில்லை. பிணியும் மூப்பும் இங்கு கண்முன்னே பிரிந்து நிற்கின்றன.

1994ஆம் ஆண்டுக் கட்டுரையின் சிறப்பு, அது நொதியத்தை அகற்றாமற் கூட்டிப் பார்த்தமையாகும். கோட்பாடு சரியெனின் காவலைப் பெருக்க ஆயுளும் பெருக வேண்டும். இவ்வகைப் பரிசோதனைக்கே கோட்பாட்டைப் பொய்ப்பிக்கும் ஆற்றல் உண்டு. ஆய்வாளர் இருவரும் 1992இல் கற்றலேசை மட்டும் கூட்டிப் பார்த்துப் பயன் காணவில்லை. அடுத்த ஆண்டு டிசுமியூற்றேசை மட்டும் கூட்டியபோதும் குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. பின்னரே இரண்டையும் சேர்த்தனர். ஒரு நொதியம் ஆக்கும் பரவொட்சைட்டை மற்றையது அகற்ற வேண்டும் என்பது அவர்களது நியாயம். ஈக்கு இயல்பாக உள்ள இரு பிரதிகளுக்கு மேலாக ஒவ்வொரு பரம்பரையலகிலும் மேலதிகமாக ஒரு பிரதியைப் புகுத்தினர். அவ்வீக்கள் கட்டுப்பாட்டு ஈக்களிலும் மூன்றிலொரு பங்கு வரை கூடுதலாக வாழ்ந்தன. அவற்றின் புரதங்களில் ஒட்சியேற்றச் சேதம் குறைந்திருந்தது. முதுமையில் உடலியக்கம் தளர்வதும் பிந்திற்று. அதாவது இக்கட்டுரை சாக்காட்டை மட்டும் எண்ணாமல் மூப்பின் அறிகுறிகளையும் அளந்தது. அந்த வகையில் அதன் முன்னோடிகளிலும் அது சிறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நேர்த்தியான கட்டுரை, வாதம் தெளிவு, முடிவு உறுதி.

ஆயினும் எல்லாம் ஒரு சொல்லிற் தங்கியிருக்கின்றது: 'கட்டுப்பாட்டு ஈக்களிலும்'. அவை எவை?

பரம்பரையலகொன்றைப் பழ ஈயிற் புகுத்தும்போது அது நிறமூர்த்தத்தில் எங்கு சென்று பதியும் என்பது அக்காலத்து முறையில் ஆய்வாளன் கையில் இருக்கவில்லை. பதியும் இடத்துக்கு அருகிலுள்ள அலகுகளை அது குலைக்கலாம், தூண்டவும் செய்யலாம். மேலும், புகுத்தப்பட்ட ஒவ்வொரு வழியும் தனியொரு ஈயிலிருந்து பெருக்கப்படுவது. ஆய்வுகூடத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும் ஈக்களிடம் மறைந்து கிடக்கும் தீய விகாரங்கள் பல. அத்தகைய வழியொன்றை இன்னொன்றோடு கலந்தால், எதனையும் புகுத்தாமலே, கலப்பு வீரியத்தால் ஆயுள் நீளும். நெல்லிலும் சோளத்திலும் இதனைக் கமத்தொழில் மாணவர் கண்டிருப்பர். இரு நொதியங்களையும் ஒரே ஈயிற் சேர்ப்பதற்குக் கலப்புகள் அவசியமாகின்றன. கலக்கும்போது இரு நொதியங்கள் மாத்திரம் சேர்வதில்லை. இரு வழிகளின் முழுப் பிறப்புரிமைப் பின்னணியும் சேர்கின்றது. அப்படியாயின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் நொதியமா பின்னணியா?

இன்னொரு வகையிலும் இதனைக் கேட்கலாம். ஒப்பிடப்பட்ட கட்டுப்பாட்டு ஈக்கள் இயல்பிலேயே குறுகிய ஆயுளுடையன எனின், அவற்றிலும் மூன்றிலொரு பங்கு கூடுதலாக வாழ்தல் சாதாரண ஆயுளை எட்டுதலன்றி வேறில்லை. நோயாளியைச் சுகதேகியாக்குவது பெரிய காரியமே. ஆனால் அது மூப்பைத் தள்ளிப்போடுதல் ஆகாது.

இந்த ஆட்சேபத்தைத் தீர்த்தவர்கள் வேறெவருமல்லர். ஓரும் சோஹாலும் அவர்தம் சகாக்களுமே. 2003இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இயல்பிலேயே நீண்ட காலம் வாழும் இரு வகை ஈக்களை எடுத்துக்கொண்டனர். கட்டுப்பாட்டு வழிகளும் நொதியம் மிகுந்த வழிகளும் பலவாக அமைக்கப்பட்டன. மொத்தமாக 90,000க்கும் மேற்பட்ட ஈக்களின் வாழ்நாள் பதியப்பட்டது. இரு நொதியங்களின் செயற்பாடும் தெளிவாகக் கூடியிருந்தும் ஒரு வகையில் ஆயுளில் நன்மை எதுவும் இல்லை. ஒறிகன்-ஆர் என்னும் மற்றைய வகையில் ஆயுள் சற்றுக் குறைந்தே காணப்பட்டது. மங்கனீசு டிசுமியூற்றேசையும் தயோரெடொட்சின் ரிடக்ரேசையும் மேலதிகமாகச் சேர்த்தும் பயனில்லை. குறுகிய ஆயுளுடைய வகைகளில் ஏதேனும் பயன் இருக்கலாம். நீண்ட ஆயுளுடையவற்றில் இந்நொதியங்கள் மூப்பின் வேகத்தைக் குறைப்பதில்லை என அவர்கள் முடிவு செய்தனர்.

இச்செயலை நான் மிக உயர்வாக மதிக்கின்றேன். தமக்குப் பெயர் தந்த முடிவை 90,000 ஈக்களைக் கொண்டு தாமே சோதித்துச் சுருக்கிக்கொண்ட ஆய்வாளர் அதிகமில்லை. நமது இலக்கிய விமர்சகருட் தம் முந்திய தீர்ப்பொன்றை இவ்வாறு மீள எடைபோட்டவர் எத்தனை பேர் என வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

அதனால் கோட்பாடு முற்றாக வீழ்ந்துவிட்டது எனக் கூறுவதும் அவசரமாகும். இரண்டு ஆய்வுகள் எஞ்சி நிற்கின்றன. 1998இல் கனேடியக் குழுவொன்று மனிதனின் டிசுமியூற்றேசு அலகைப் பழ ஈயின் இயக்க நரம்புக்கலங்களில் மட்டும் செயற்படுத்தி ஆயுள் 40 சதவீதம் வரை நீண்டதாக அறிவித்தது. அந்நொதியமற்ற விகாரியின் குறுகிய ஆயுளையும் அது மீட்டது. 1999இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சன், டவர் ஆகிய இருவரும் செய்த பரிசோதனை கட்டுப்பாட்டுப் பிரச்சினையைச் சாதுரியமாகக் கையாண்டது. மதுவத்திலிருந்து பெற்ற நொதியமொன்றைக் கொண்டு, ஈ நிறையுடலியான பின்னர் சிறிது நேரம் வெப்பமூட்டுவதால் மட்டுமே மேலதிக டிசுமியூற்றேசு அலகு இயங்கத் தொடங்குமாறு அவர்கள் அமைத்தனர். ஒரே வழியைச் சேர்ந்த ஈக்களுள் வெப்பம் பெற்றவையும் பெறாதவையும் ஒப்பிடப்பட்டமையால் பின்னணி வேற்றுமை என்னும் ஆட்சேபம் பெருமளவு நீங்கிற்று. சராசரி ஆயுள் 48 சதவீதம் வரை கூடிற்று.

இவ்வாய்வைப் புறந்தள்ள என்னால் இயலவில்லை. ஆனால் அதிலுள்ள ஒரு செய்தி போதிய கவனத்தைப் பெறவில்லை. கற்றலேசைச் சேர்ப்பதால் மேலதிக நன்மை ஏற்படவில்லை. கற்றலேசு மட்டும் கூடியவிடத்துப் பயனில்லை, அல்லது சற்றுத் தீமையே. அதாவது இரு காவலரும் சேர்ந்தாலே பயன் என்னும் 1994ஆம் ஆண்டின் மைய நியாயத்தை, கோட்பாட்டுக்குச் சாதகமான ஆய்வே மறுக்கின்றது. இரு ஆய்வுகளையும் ஒரே வரியில் அடுக்கி இரண்டும் கோட்பாட்டை உறுதி செய்கின்றன என எழுதுவோர் இரண்டில் ஒன்றை வாசிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். நரம்புக்கல ஆய்வின் பயனும் ஈயின் பாலுக்கும் பிறப்புரிமைப் பின்னணிக்கும் ஏற்ப வேறுபடுகின்றது எனப் பின்னர் அறியப்பட்டது. உடல் முழுவதும் சமமாகத் துருப்பிடிக்கின்றது என்பதே கோட்பாடாயின், ஒருவகைக் கலத்தில் மட்டும் நொதியத்தைக் கூட்டி இவ்வளவு பயன் பெற்றமை அக்கோட்பாட்டுக்கு ஆதரவு என்பதிலும் ஒரு சங்கடம் என்பதே பொருந்தும். ஈ முதலில் எங்கே நலிகின்றது என்னும் கேள்விக்கு அது விடையளிக்கக்கூடும். ஏன் மூப்படைகின்றது என்பதற்கன்று.

பிற விலங்குகள் பற்றிச் சுருக்கமாகக் கூறுவதே போதும். ரெக்சாசில் நடைபெற்று 2009இல் வெளிவந்த ஆய்வு பிரதான எதிர்ப்பு நொதியங்களை மிகுதிப்படுத்தியும் சுண்டெலிகளின் ஆயுள் நீளவில்லை எனக் காட்டியது. அதே ஆண்டு மொன்றியலில், இழைமணி டிசுமியூற்றேசை நீக்கிய வட்டப்புழுக்கள் குறுகாமல் நீண்ட ஆயுளைப் பெற்றன. 2012இல் ஐந்து டிசுமியூற்றேசு அலகுகளும் நீக்கப்பட்ட புழுக்கள் இயல்பான ஆயுள் வாழ்ந்தன. பழ ஈயிலேயே, இழைமணியின் இலத்திரன் சங்கிலியில் குறிப்பிட்டதோரிடத்தில் மூலிக உற்பத்தியைக் கூட்டியதால் ஆயுள் நீண்டதாக 2016இல் அறிவிக்கப்பட்டது. கள்வன் எனக் கருதப்பட்டவன் சில வேளைகளில் தபாற்காரனாகவும் இருக்கின்றான். கலத்தின் பகுதிகளிடையே செய்தி கொண்டு செல்கின்றான்.

இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டியது 2020இல் ஹாவாட் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவந்த ஆய்வு. உறக்கம் முற்றாகத் தடுக்கப்பட்ட பழ ஈக்கள் விரைவில் மடிகின்றன. அவற்றின் மூளையிற் சேதம் தேடியவர்கள் அதனைக் குடலிற் கண்டனர். அங்கே ஒட்சியேற்றும் துணிக்கைகள் திரண்டிருந்தன. எதிர்ப்பு நொதியங்களைக் குடலில் மட்டும் மிகுதிப்படுத்தியபோது உறங்காத ஈக்களும் ஏறக்குறைய இயல்பான காலம் வாழ்ந்தன. இவ்வாய்வு ஒட்சியேற்ற நெருக்கீடு கற்பனையன்று, கொல்ல வல்லது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. அதே வேளை அந்நொதியங்கள் நன்மை செய்வது நெருக்கீட்டுக்குள்ளான ஈக்கே. காப்பு, பிணியின் பக்கம் நிற்கின்றது.

இவையெல்லாம் ஆய்வுகூடத்துள் அடங்கிய விவகாரமெனின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஓர், சோஹால் கட்டுரை வெளிவந்த அதே 1994ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் பின்லாந்திலிருந்து வேறொரு கட்டுரை வந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு, ஒட்சியேற்ற எதிரிகளான பீற்றா கரோற்றீனும் உயிர்ச்சத்து ஈயும் சுவாசப்பைப் புற்றுநோயைத் தடுக்குமா என ஆண்டுக்கணக்கில் ஆராயப்பட்டது. உயிர்ச்சத்து ஈ அந்நோயைக் குறைக்கவில்லை. பீற்றா கரோற்றீனை உண்டவர்களுள் அந்நோய் 18 சதவீதம் கூடிற்று. அமெரிக்காவில் புகைபிடிப்போரிடத்தும் கல்நார்த் தொழிலாளரிடத்தும் நடைபெற்ற இதனையொத்த பரிசோதனை, தீங்கு தெரிய வந்ததும் 1996இல் உரிய காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. நொதியம் வேறு, குளிசை வேறு. ஈயின் முடிவை மனிதனுக்குப் பொருத்துவது தவறு எனலாம். அது சரியே. ஆனால் ஈயின் வெற்றியைக் காட்டிக் குளிசை விற்றபோது அந்த ஆட்சேபம் எழுப்பப்படவில்லை. தோல்வி வந்தபோது மட்டும் எழுப்பப்பட்டது. ஒட்சியேற்ற எதிரி என்னும் எழுத்துக்களைத் தாங்கிய புட்டிகள் கொழும்பு மருந்துக் கடைகளிலும் இன்று அடுக்கப்பட்டுள்ளன. தமிழில் விஞ்ஞானம் எழுதுவோரும் மூலிகம் தீயது, எதிரி நல்லது என்னும் பழைய புராணத்தையே தேவாசுரப் போர்போல் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றனர். வாசகன் காசு கொடுத்து வாங்குவது இந்தக் கதையைத்தான்.

இங்கு விஞ்ஞானிகளை விடக் கூடிய பொறுப்பு எழுதுவோர்க்கு உண்டு என்பது என் கருத்து. 1994ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தமிழிற் தருபவர் கட்டுப்பாட்டு ஈக்கள் எத்தனை நாள் வாழ்ந்தன என்பதையும் சேர்த்துத் தருதல் வேண்டும். அந்த ஓர் எண் இல்லாமல் 'மூன்றிலொரு பங்கு' என்பதற்குப் பொருளே இல்லை. நமது ஆய்வுகூடங்களிற் பழ ஈ வளர்க்கும் இறுதியாண்டு மாணவர்கள் தம் அறிக்கைகளில் நொதியச் செயற்பாட்டை அளந்து, பரகுவாற்றுச் சோதனை செய்து, 'எனவே மூப்பு தாமதமாகின்றது' என ஒரே மூச்சில் முடிப்பதை நான் கண்டிருக்கின்றேன். அந்த 'எனவே' என்னும் சொல்லுக்குள் இருபதாண்டுச் சர்ச்சை புதைந்து கிடக்கின்றது.

தீராத சிக்கலொன்றையும் குறித்தல் வேண்டும். ஈயின் இழைமணிக்குள் கற்றலேசைச் செலுத்தியும் ஆயுள் நீளவில்லை என மேலே கூறப்பட்டது. 2005இல் இதே செயலைச் சுண்டெலியில் செய்தபோது அதன் ஆயுள் ஏறக்குறைய ஐந்து மாதம் நீண்டது. இதய நோயும் கண்வில்லை மங்கலும் பிந்தின. ஒரே நொதியம், ஒரே இடம், இரு விலங்குகள், இரு விடைகள். வாழ்நாள் முழுவதும் கலங்களைப் புதுப்பித்துக்கொண்டும் புற்றுநோய்க்கு இலக்காகிக்கொண்டும் இருக்கும் சுண்டெலியும், பெரும்பாலான கலங்கள் நிறையுடலியான பின் பிரியாத ஈயும் ஒரே காரணத்தால் மூப்படைகின்றன என நாம் ஏன் எதிர்பார்த்தோம் என்பதைக் கோட்பாட்டாளர் இன்னும் விளக்கவில்லை.